புல்லில் துடைத்த அம்பு

பிளம் ஹாலோ, மிசூரி
மே 2

அண்ணன் வெண்டலுக்கு ரெட்டா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. கொட்டகைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. இந்த இரண்டையும் நீ விசாரிக்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

நீ கேட்டது வேறு. நான் அடித்த அந்தக் காட்டு வான்கோழிச் சேவலின் தோகை, நெஞ்சில் தாடி போலத் தொங்கும் மயிர், கால்முள் எல்லாம் உன் முதலாளி ப்ரூக்ஸ்பிக்கு வேண்டும். அவர் அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும். என் வேட்டைச் சீட்டில் பதிந்த பறவையை, தவறுதலாகப் பதிந்துவிட்டேன் என்று வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லி அவர் பேருக்கு மாற்ற வேண்டும். செய்தால் உனக்கு மேற்பார்வையாளர் பதவி. அம்மா ஆசையாக அனுப்பிய அந்தச் சேவலின் போட்டோவை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

நீ அவரை இங்கே வேட்டைக்குக் கூட்டி வந்த அன்று காலை நடந்ததை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. நீ, நான், ப்ரூக்ஸ்பி மூவரும் மறைவுக் கூடாரத்தில் இருந்தோம். அப்பா வேட்டையாடிய மேடு அது. இப்போது ப்ரூக்ஸ்பிக்குச் சொந்தம், அதில் நான் அவருக்குக் கூலி வழிகாட்டி. நான் பேடை போலக் கூப்பிட்டேன். சேவல் பதினைந்து தப்படி தூரத்துக்கு வந்து, பக்கவாட்டில் நின்று, தோகை விரித்து உப்பியது. நான் அவர் காதருகே, "சார், இப்ப வேணாம். அவ்வளவும் வெறும் எறகு. உள்ள உசிரு இருக்குற எடம் ஒரு பேஸ்பால் அளவுதான். சுருங்கட்டும். றெக்கை ஒடம்புல சேர்ற மூட்டப் பாத்து விடுங்க" என்றேன். அவர், "இதவிடப் பெருசா எப்பம்மா நிக்கப் போவுது?" என்றார். நீ சிரித்தாய். உனக்குத் தெரியாததா அண்ணா? பன்னிரண்டு வயதில் நீயும் இதே தப்பைச் செய்து, கை நிறைய இறகோடு அழுதுகொண்டு வந்தவன்தானே?

அவர் உப்பலின் நடுவே அம்பை விட்டார். அம்பு தாழ்ந்து, பின்பக்கமாகப் போனது. சேவல் தடுமாறி எழுந்து சீடார் புதருக்குள் ஓடியது. அம்பை எடுக்க நீதான் போனாய். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அதைப் புல்லில் துடைத்தாய். திரும்பி வந்து, "சுத்தமா மிஸ்ஸு சார். ஒரு எறகுகூட ஒட்டல" என்றாய். அவர் உன் தோளில் தட்டி, "சரி வா, பசிக்குது" என்றார்.

உங்களை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அந்தப் புல்லைப் பிடுங்கி முகர்ந்தேன். பச்சைக் கறை, குடல் நாற்றம். அம்பு குடலில் பாய்ந்திருக்கிறது. மதியம் வரை தேடினேன். பிறகு மழை கொட்டி ரத்தத் தடம் எல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலையில் நம் வேலிக்கு இந்தப் பக்கம், குட்டையோரம் விழுந்த மரத்தடியில் கண்டேன். இறக்கை தொங்க உட்கார்ந்திருந்தது. சிவந்து கிடக்க வேண்டிய தலை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தும் எழ முடியவில்லை. ஒரு பகல், ஓர் இரவு முழுக்க அது அப்படியே இருந்திருக்கிறது. இறக்கை மூட்டில் ஒரே அம்பு விட்டேன், அதன் பிறகு அசையவில்லை. என் சீட்டை அதன் காலில் கட்டினேன். அறுத்தபோது தொடைக்குப் பின்னால் அவருடைய அம்பு போன ஓட்டை தெரிந்தது. சுற்றியிருந்த கறி கெட்டுப்போயிருந்தது, அதைத் தூர எறிந்தேன். நெஞ்சுக்கறியை அம்மா பொரித்தாள். எனக்கு இறங்கவில்லை.

அவருக்குக் குறி தெரியவில்லை, அதை மன்னிக்கலாம். பணம் இருப்பவனுக்கு யாரும் "வேணாம்" என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் நீ தெரிந்தே துடைத்தாய். ஒரு ஆளின் காலைச் சாப்பாடு ஆறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு உயிரைக் குற்றுயிராக விட்டுப் போனாய். இப்போது அதே உயிரை அவர் கொன்றதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையா?

அம்மா உன் பக்கம்தான். "அவன் பொழப்பு பெருசுடி. நாலு எறகு, குடுத்துத் தொலையேன்" என்று மூன்று நாளாகச் சொல்கிறாள். நேற்றுக் கேட்டுவிட்டேன், "அவன் அம்பத் துடைச்சான்மா. அது தெரியுமா ஒனக்கு?" என்று. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சீட்டை மாற்ற மாட்டேன். தோகையும் வராது. நான் மறுத்துவிட்டேன் என்பதோடு அவரிடம் நிறுத்திவிடாதே. ஏன் மறுத்தேன் என்பதையும் சொல். அம்பில் என்ன இருந்தது என்பதை உன் வாயால் சொல். அதற்கு அவர் உன்னை வெளியே அனுப்பினால் நேராக வீட்டுக்கு வா. உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. அனுப்பாவிட்டாலும் வா, அவரில்லாமல் வா. அம்மா நாள்தோறும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்ப்பதில்லை என்று சொன்னால் அது பொய்.

கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும்.

கோபம் தீராத தங்கை,
ரெட்டா