ஆடு வளர்ப்புப் புத்தகத்தில் ஓர் இலையுதிர்காலம்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
1 நவெம்பர் 2006

என்றும் அன்புள்ள திரேசம்மா மச்சாளுக்கு,

மெற்றில்டா எழுதிக்கொள்வது. நானும் மகள் எம்மாவும் நல்ல சுகம். விரல்களில் ஒட்டிய பசை மட்டும்தான் இன்னும் போகவில்லை. நீங்களும் அண்ணையும் பிள்ளைகளும் லண்டனில் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

இதோடு வரும் பெட்டியைத் திறந்தால் ஒரு பழைய நோர்வேஜியப் புத்தகம் இருக்கும். அட்டையில் ஒரு செம்மறியாடு உங்களை முறைத்துப் பார்க்கும். இவளுக்கு என்ன வந்தது, எனக்கு ஆடு வளர்க்கப் பாடம் அனுப்புகிறாளா என்று நினைக்க வேண்டாம். ஒக்ரோபர் மாதம் முழுக்க நானும் உங்கள் மருமகளும் குசினி மேசையில் இருந்து வெட்டி, ஒட்டி, கீறி, வர்ணம் பூசிச் செய்த படப் புத்தகம் இது. உங்கள் தம்பிக்காகச் செய்தது. ஒன்பதாம் தேதி நீங்கள் கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோய் அருளானந்தன் சுவாமியிடம் கொடுப்பதாகவும், அவர் கப்பலில் யாழ்ப்பாணம் கொண்டுபோவார் என்றும் சொன்னீர்களே, அந்தப் பொருள் இதுதான். போனில் இதைப் பற்றி நான் விளக்கமாகக் கதைக்காததற்குக் காரணம், எம்மா எப்போதும் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

மாமாவின் ஆண்டுத் திருப்பலிக்கென்று ஜூலையில் மூன்று கிழமை லீவில் போன மனிசன். ஓகஸ்ட்டில் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதையைப் பூட்டியதில் இருந்து குருநகரில் மாமியோடு இருக்கிறார். கொழும்புக் கப்பலுக்குப் பெயர் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கிழமையும் போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வருகிறாராம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். செப்டெம்பர் கடைசியில் லைன் கிடைத்தபோது, பிள்ளைக்குத் தன் முகம் மறந்துபோகும் என்று சொன்னார். அதன் பிறகு எப்போது கதைத்தாலும் அங்கே என்ன சமைத்தார்கள், இங்கே என்ன சமைத்தோம், அவ்வளவுதான். கோபித்தால் கத்துகிற ஆள் அவர். கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். மனம் விட்டுவிட்டாரோ என்று நினைத்து இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் வேலை செய்ய வேறு வழி கண்டுபிடித்தேன். நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் இலையுதிர்காலம் வந்தால் நாங்கள் சின்னப் பிள்ளைகளோடு இலை பொறுக்குவதும் ஒட்டுவதும்தான். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளோடு செய்கிறேன், என் பிள்ளையோடு செய்ததில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் இந்த ஆட்டுப் புத்தகம் கிடந்தது. தடித்த மட்டை, நல்ல தையல். இரண்டிரண்டு தாள்களாகச் சேர்த்து ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசினால் படம் கீற அருமையான பக்கம். பூச்சு மெல்லிசாகப் போன இடங்களில் ஆட்டுக் காதுகள் தெரியும். எம்மா அதையெல்லாம் அழிக்க விடவில்லை. ஆடுகளும் அப்பாவைப் பார்க்க வருகின்றனவாம்.

மச்சாள், எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்தால் கோட்டைக் கழற்ற முதல் கத்தரிக்கோலைத் தேடுகிறேன். வீட்டில் சாப்பிட மேசை இல்லை, நிலத்தில் இருந்துதான் சாப்பிடுகிறோம். மஞ்சள், சிவப்பு, பாதி பச்சை பாதி சிவப்பு என்று இலைகளைப் பொறுக்கித் தொலைபேசிப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி, பிறகு கேக் சுடும் தாளுக்கு நடுவில் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் மெல்ல ஓட்டினால் நிறம் அப்படியே நிற்கிறது. ஆறாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தச் சிவப்பு வேறு எங்கும் கிடைக்காது. கழிவறைக் கடுதாசிச் சுருளின் மட்டையை நசித்து முத்திரை மாதிரிக் குத்தி எம்மா வௌவால்கள் செய்திருக்கிறாள். பதினொன்று இருக்கும், ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி போட்டிருக்கிறாள். அது அப்பாவாம்.

பூசணிக்காயும் வெட்டினோம். கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்திக் கதவடியில் வைத்தேன். மூன்றாம் மாடியில் தமிழ்நாட்டில் இருந்து வந்த நந்திதா என்ற பிள்ளை இருக்கிறாள், பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி. அவள் லிப்ற்றில் இருந்து இறங்கிப் பார்த்துவிட்டு, ஏங்க, திருஷ்டிப் பூசணியை யாராவது தரையில வைப்பாங்களா, மேல கட்டித் தொங்க விடுங்க என்றாள். அவர்கள் ஊரில் புது வீட்டுக்கு இப்படிப் பயங்கர முகம் கீறிப் பூசணிக்காய் தொங்கவிடுவார்களாம். இது ஹலோவீன் என்றேன். எதுவா இருந்தா என்ன, கண்ணு படாம இருந்தா சரி என்று சிரித்தாள். தோண்டியெடுத்த சதையைக் கறி வைத்தேன், ஒரே தண்ணீர், வாயில் வைக்க முடியவில்லை. விதையை மிளகாய்த்தூள் போட்டு வறுத்தது மட்டும் நன்றாக வந்தது. அதில் ஏழு விதை இருபதாம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். கோபிக்காமல் வாசியுங்கள்.

ஹலோவீனுக்குப் புலியாகத்தான் போவேன் என்று எம்மா ஒற்றைக் காலில் நின்றாள். காரணம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் இவர் சாப்பாட்டு மேசைக்குக் கீழே நான்கு காலில் எருமை மாடாகப் போவார். அவள் புலியாகப் பாய்ந்து கெண்டைக்காலில் கடிப்பாள். மூன்று வயதில் தொடங்கிய விளையாட்டு, ஆறு வயதாகியும் விடவில்லை. நானும் உற்சாகத்தில் செம்மஞ்சள் போர்வையொன்றை வெட்டி, இவருடைய பழைய கறுப்புக் காற்சட்டையில் வரி வரியாக நறுக்கித் தைத்தேன். மட்டையில் முகம், வீடு கூட்டும் தும்புத்தடியில் இருந்து பிடுங்கிய மீசை. போட்டுப் படம் எடுத்து, புத்தகத்தின் நட்டநடுவில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒட்டினோம். அதன் கீழே அவள் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்தில், ‘அப்பாவின் புலி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பக்கத்திலேயே ரயில் நிலையத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையைச் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டுக் கீறினாள். அப்பா நாலு மாதமாக வரவில்லை, வழி மறந்திருப்பார் என்றாள்.

நான் அதைப் பார்த்துக் கைதட்டினேன், மச்சாள். நான், நாவாந்துறைச் சோதனைச் சாவடியில் நின்று வளர்ந்தவள், அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

வறுத்த விதை கொடுத்தனுப்பிய தட்டைத் திருப்பித் தர வந்த நந்திதா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புலி சூப்பரா இருக்குங்க, சார் இதைப் பார்த்தா ரொம்ப சந்தோஷப்படுவார் என்றாள். அவளுக்குப் புலி வெறும் புலி. எனக்கு அந்தச் சொல் இன்னொருவர் வாயால் வந்தபோதுதான் விளங்கியது. புலிப் படம், பக்கத்தில் அம்புக்குறி போட்ட பாதை, கீழே ‘அப்பாவின் புலி’ என்ற எழுத்து. இதைத் துறைமுகத்தில் ஒரு சிப்பாய் திறந்து பார்த்தால் சுவாமி என்ன சொல்வார். இது யாருக்கு என்று கேட்டால் யாருடைய பெயரைச் சொல்வார். பட்டியலில் பெயர் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற மனிசனை வேறொரு பட்டியலில் நானே ஏற்றிவிடப் பார்த்தேன்.

கொழும்பு லொட்ஜில் இருந்த காலத்தில், என் தம்பியின் பள்ளிக் கொப்பியில் இருந்த வரிக்குதிரைப் படத்தைக்கூட எங்கள் அம்மா கிழித்து அடுப்பில் போட்டவ. வரி கண்டால் போதும், அவ்வளவு பயம். அந்த வீட்டுப் பிள்ளை நான். பத்து வருடம் இங்கே பயமில்லாமல் இருந்ததில் எல்லாம் மறந்துபோயிற்று. மறந்தது நல்லதுக்குத்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. புலி அப்பாவுக்குப் போகாது என்றேன். ஏன் என்றாள். அங்கை புலிப் படம் அனுப்பக் கூடாது என்றேன். அப்பாவுக்குப் புலியெண்டால் பயமோ என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் ஓம் என்றேன். நீங்கள் பொய் சொல்லுறியள், அப்பாவுக்கு ஒரு நாளும் புலிக்குப் பயமில்லை, புலி இல்லாட்டில் அது நான்தான் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த இரண்டு பக்கத்தையும் நான் கத்தியால் அளந்து வெட்டி எடுத்தேன். கிழித்தெறிய மனம் வரவில்லை. என் அலுமாரியில் சேலைக்குக் கீழே இருக்கிறது.

இரண்டு நாள் அவள் மேசைப் பக்கமே வரவில்லை. நான் தனியே இருந்து முட்டைப் பெட்டியில் சிலந்தி செய்துகொண்டிருந்தேன், அது சிலந்தி மாதிரியும் வரவில்லை. இறந்தோர் திருநாளுக்கென்று மாமாவின் பெயரெழுதி ஒரு மெழுகுதிரிப் பக்கம் மட்டும் ஒழுங்காகச் செய்தேன். திங்கட்கிழமை பள்ளியால் வந்தவள், வீட்டில் பழைய வெள்ளைப் பெட்சீற் இருக்கா என்று கேட்டாள். பேயாகப் போகிறாளாம். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கண்ணுக்கும் ஓட்டை தானே வெட்டினாள்.

நேற்றுப் பின்னேரம் பார்த்தால், முதலில் புலி உடுப்பைப் போடுகிறாள், மீசையெல்லாம் சரிபார்க்கிறாள், அதற்கு மேலே பெட்சீற்றைப் போர்த்துகிறாள். ஏன் பிள்ளை இரண்டும் என்று கேட்டேன். உள்ளுக்குள்ளை ஆர் எண்டு சொல்லத் தேவையில்லை அம்மா, அப்பா கண்டுபிடிச்சிடுவார் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டாமல், தொப்பி போடு, வெளியே குளிர் என்று கத்தினேன். பதினொரு மாடிக்கும் போய் மணி அடித்து ஒரு பை நிறைய இனிப்போடு வந்தாள். நாலாம் மாடிக் கிழவர் பேயைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம், அது நடிப்பு என்று தெரியாமல் ஓடி வந்துவிட்டாளாம். சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் வயிறு நொந்தது.

அந்தப் படம்தான் இப்போது நட்டநடுவில் இருக்கிறது. வெள்ளைத் துணி, இரண்டு ஓட்டை, வேறொன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கீழே அவள் எழுதியிருப்பது, ‘அப்பா, உள்ளே நான்.’ இன்று காலை புத்தகத்தைக் கட்டுவதற்கு முன் அதைத் தடவிப் பார்த்தேன். வேறு எந்தப் பக்கமும் எனக்கு இவ்வளவு பிடிக்கவில்லை, மச்சாள். என் கையால் செய்த எதுவும் இதற்குக் கிட்ட வராது.

இனி உங்களிடம் கேட்பது. நான் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தரம் பார்த்துவிட்டேன். ஆட்டுப் புத்தகத்திலேயே ஒரு வரைபடம் இருந்தது, அதன் மேல் இரண்டு தாள் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் இப்போது என் கண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் என்னைவிடக் கூடுதல் காலம் அங்கே இருந்தவர். உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சந்தேகமாக ஏதாவது பட்டால் அந்தப் பக்கத்தை வெட்டிவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். கொண்டுபோவதே சரியில்லை என்று சுவாமி சொன்னால், புத்தகம் கொழும்பிலேயே இருக்கட்டும். அவருக்கு ஒரு சங்கடமும் வரக் கூடாது. இந்தக் கடிதத்தை மட்டும் வாசித்ததும் கிழித்துவிடுங்கள், தயவுசெய்து பையில் வைக்க வேண்டாம்.

கடைசியில் பன்னிரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறது. வெள்ளை பூசிக் காய வைத்தது, ஒன்றும் ஒட்டவில்லை. பாரத்தைக் குறைக்க அதைப் பிடுங்கலாமா என்று சுவாமி கேட்டால் விட வேண்டாம். மீதியை அப்பா இங்கே எங்களோடு இருந்துதான் செய்ய வேண்டும் என்று எம்மா விட்டு வைத்திருக்கிறாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். புத்தகம் எங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று உங்கள் தம்பியிடம் சொல்லும்படி சுவாமியிடம் சொல்லுங்கள். தபாலில் போட வேண்டாம். ஆரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். தன் கையில் கொண்டுவரட்டும்.

உங்கள் பயணத்தில் மடு மாதா கூடவே வருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சாள்
மெற்றில்டா கிளின்ரன்