பூ கட்டிப் பார்த்த வெள்ளிக்கிழமை

அம்பத்தூர்
5-9-1983

அன்புள்ள தங்கை வனஜாவுக்கு அண்ணன் வரதன் எழுதுவது.

கம்பெனி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு இன்றோடு எழுபத்தோரு நாள். மாப்பிள்ளையும் என் பக்கத்தில்தான் இருக்கிறார். அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

முதலாளி இறங்கி வந்திருக்கிறார். நூற்றுப் பதினெட்டுப் பேரில் ஆறு பேரைத் தவிர மற்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறாராம். ஆறில் ஒருவர் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவு. மூன்று நாளாக சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், மனசு நிற்கவில்லை. நீ வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கட்டிப் பார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். கண்ணை மூடி ஒன்றை எடு. வெள்ளை வந்தால் ஆறு பேரை விட்டு வேலைக்குத் திரும்புகிறோம். சிவப்பு வந்தால் போராட்டம் தொடரும். வந்ததை அப்படியே எழுது.

உன் அன்பு அண்ணன்,
வரதன்


திருவேற்காடு
9-9-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

குளித்து ஈரத்துணியோடு போய்க் கேட்டேன். சிவப்பு வந்தது.

நீ இந்தப் பக்கம் வந்தே இரண்டு மாதமாகிறது. அவரையாவது ஒரு நாள் அனுப்பி வை. பிள்ளைகள் ஏங்குகிறார்கள்.

உன் தங்கை,
வனஜா


திருவேற்காடு
24-10-1983

அண்ணா,

கம்பெனியை ஒரேயடியாக இழுத்து மூடிவிட்டார்கள் என்று அவர் வந்து சொன்னார். உங்களோடு பந்தலில் இருந்த லட்சுமணன் தண்டவாளத்தில் படுத்ததையும் சொன்னார். லட்சுமணன் பெயர் அந்த ஆறில் இல்லையாமே. அன்றே வேலைக்குப் போயிருந்தால் உயிரோடு இருந்திருப்பார்.

அன்று வந்தது வெள்ளை. மனசு கேட்காமல் மறுபடி கட்டினேன். மூன்று தரமும் வெள்ளைதான். எல்லோரும் உள்ளே போய், என் வீட்டுக்காரர் மட்டும் தெருவில் நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. சிவப்பு என்று எழுதிவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

வனஜா


அம்பத்தூர்
27-10-1983

வனஜாவுக்கு,

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. கோயில் எனக்கு எட்டாத தூரமா? சைக்கிளில் முக்கால் மணி நேரம். நானே போயிருக்கலாம். மாப்பிள்ளை பெயர் அந்த ஆறில் இருக்கும்போது உன்னிடம் போய் ஏன் கேட்டேன்? நீ சிவப்பு என்றுதான் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

தங்கை புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவருக்காகப் பட்டினி கிடங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல முகமும் இல்லை. அம்மன் உத்தரவு என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலில் கை தூக்கியது லட்சுமணன்.

அவனுக்குப் பால் தெளித்த அன்று அவன் பெண்சாதி பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொல்லித்தான அண்ணாத்தே செஞ்சே. உம்மேல இன்னா தப்பு கீது? அழாதே" என்றாள். நான் தலையாட்டினேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். உன் பெயர் வராது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். அம்மன் விட்ட வழி என்றுதான் அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அதையும் பிடுங்கப் போகிறேன்.

இனி எனக்கு எழுதாதே.

வரதன்