அப்பாவின் வலது கால்

அப்படியில்லை, அண்ணா. "நாவல் படிச்சுப் படிச்சு எல்லாத்துலயும் சாவைப் பாக்கறே" என்று நேற்று கதவைச் சாத்திக்கொண்டாய். அப்பாவின் கணுக்காலுக்கு மேலே உள்ள புண் கற்பனை இல்லை. இப்போது நாற்றமடிக்கிறது.

இன்று காலை, நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஷெமி வருவார். வீட்டுக்கு வந்தவரிடம் நோவைச் சொல்வது அப்பாவுக்கு மரியாதைக் குறைவு. போன தடவையும் விபூதி இட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "சுகம்தன்னே, மோளே" என்று, நன்றாகத்தான் இருப்பதாக அவருடைய மலையாளத்திலேயே சொல்லிவிட்டார். காலைக் காட்டவே இல்லை. ஷெமியும் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு, வீட்டு விசிட்டை நிறுத்திவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்குப் பரீட்சை. ரசத்தைச் சூடாக்கிக்கொள். அப்பா காப்பியில் சர்க்கரை வேண்டாம்.

பி.கு. அப்பா கோபித்துக்கொண்டு உன்னோடு பேசாமல்கூட இருப்பார், தெரியும். ஆனாலும் ஷெமி எதிரில் அவர் வேஷ்டியை முழங்கால்வரை நீ தூக்கிக் காட்டுவாயா?