வீராசாமிக்கு வந்த காய்ச்சல்

மே 4, செவ்வாய்

விடியும் முன்பே மழை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், பால் வெட்டு இல்லை. மருந்துக் கொட்டகையில் கூட்டம். பால் வெட்டப் போகாத நாளில்தான் இவர்களுக்கு எல்லா வியாதியும் ஞாபகம் வரும்.

மிச்சம் இருப்பது: அயோடின் அரைப் போத்தல். கொயினா மாத்திரை பதினொன்று. கட்டுத்துணி இல்லை, பழைய சாரோங்கைக் கிழித்து அவித்து வைத்திருக்கிறேன். பஞ்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எட்டு மணிக்கு வேலை ஏவும் மண்டோர் கோவிந்தன் ஓடி வந்தான். "டிரெசரய்யா, பன்னண்டாம் நம்பர்ல, கான்ல வீராசாமி கெடக்கான். செத்துட்டான்லா."

போய்ப் பார்த்தேன். வடிகால் கானில் முழங்கால் தண்ணீர். கரையில் தலை, குப்புற. முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரே குத்து. காயத்தின் வாய் ஒரு அங்குலம்கூட இல்லை. சலாகையை விட்டேன், விரல் நீளத்தையும் தாண்டி உள்ளே போனது.

முதுகு முழுக்க ஊதா. இதுதான் இடிக்கிறது. செத்த உடம்பில் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கிப் படியும். குப்புறக் கிடப்பவனுக்கு நெஞ்சல்லவா ஊதாவாக வேண்டும்? இவன் செத்த பிறகு வெகு நேரம் மல்லாந்து கிடந்திருக்கிறான். வேறு எங்கேயோ. பிறகு கொண்டு வந்து கானில் போட்டிருக்கிறார்கள்.

யார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற ஜப்பான் லாரி மூன்று நாளாக இங்கேதான் சுற்றுகிறது. வீராசாமி மூன்று நாளாகக் காட்டில் பதுங்கல். நேற்று மாலை ஆற்றுப் பக்கம் கூச்சல் கேட்டது. நானும் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

தன் டிவிஷனில் பிணம் என்றதும் மண்டோர் பயந்து போலீசுக்கு ஆள் விட்டுவிட்டான். மடையன். பத்து மணிக்கு மலாய் சார்ஜென்ட், இரண்டு கான்ஸ்டபிள், கூடவே மொழிபெயர்க்க மணவாளன். அம்பாங்கான் டவுன் ஆள். கழுத்துப்பட்டை, கண்ணாடி. ரப்பர் மரத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்.

பிணத்தின் பக்கத்தில் பெண்டாட்டி அஞ்சலை. அழவில்லை. மணவாளன் அவளிடம் கேட்டார், நேற்று புருஷன் வேலைக்கு வந்தானா என்று.

"வரல. அவரையும் நான்தான் வெட்டினேன்."

மணவாளன் பேனா நின்றது. "என்ன சொன்னே?"

"அவர நான்தான் வெட்டினேன்யா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெரசா வெட்டி முடிச்சிட்டேன்."

தோட்டத்தில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் இது விளங்கும். இங்கே ஆளுக்கும் அவன் மரங்களுக்கும் ஒரே பேர். "முனியன யாரு வெட்டறது?" என்று மண்டோர் தினம் காலையில் கூவுகிறான், அதற்காக முனியன் செத்தா போகிறான்? ஒளிந்திருக்கும் புருஷன் வேலைக்கு வந்ததாகக் காட்ட அவன் மரங்களையும் சேர்த்து இவளே வெட்டியிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

மணவாளன் சார்ஜென்ட் பக்கம் திரும்பி மலாயில் 'பூனோ' என்றார். கொன்றாளாம். 'போத்தோங்', வெட்டினாள், என்று சொல்லியிருந்தால்கூட சார்ஜென்டுக்குப் பிடிபட்டிருக்கும். கம்பத்துக் கிராமத்தில் அவர் பெண்டாட்டி வீட்டுக்கு ரப்பர் மரம் உண்டு. இந்த மேதாவிக்கு அது போதவில்லை.

சார்ஜென்ட் அவளுடைய பால் கத்தியைத் தூக்கிக் காட்டி என்னிடம் கேட்டார், இதனால் குத்தியிருக்க முடியுமா என்று. ஜப்பான் லாரி ஆபீஸ் வாசலிலேயே நின்றது. "இருக்கலாம்" என்றேன்.

கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். போகும்போது திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

மே 5, புதன்

தூறல். கடைவாய்ப் பல் உயிர் போகிறது. கிராம்பும் இல்லை.

புதைப்பதற்கு முன் காயத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து அதன் வடிவத்தைப் பென்சிலால் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாமலே எடுத்தேன். இரண்டு ஓரமும் நேர். நடுவில் கொஞ்சம் தடிப்பு.

தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள்: "அன்னிக்கே சண்டையாம்." "இல்லாமலா பாவி இப்படிப் பண்ணுவா?" நேற்று வரை அவளிடம் உப்பு வாங்கித் தின்ற வாய்கள்.

மண்டோரைப் பிடித்தேன். "அவ சொன்னது என்னன்னு உனக்குத் தெரியாதா? தினம் நீ பேசற பேச்சுதானே?"

"தெரியும்லா. வாயத் தொறந்தா நாளைக்கே சயாமுக்கு என் பேரு. நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க? 'இருக்கலாம்'னு சொன்னது யாரு, நானா?"

வந்து மரவள்ளிக்கிழங்கு தின்றேன்.

சந்தைக்குப் போனவன் கொண்டு வந்த சேதி: நாளை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஜப்பான் ஆபீசர் வருகிறான். சாட்சி, வக்கீல் ஒன்றும் கிடையாது. அவன் தலையாட்டினால் மறுநாள் அஞ்சலையின் தலை இருக்காது. புருஷனைக் கொன்றவள் என்று எழுதி அந்தத் தலையை ரந்தாவ் சந்தையில் வைத்துக் காட்டுவார்களாம்.

கூச்சல் கேட்டுக் கதவைச் சாத்தியது நான். 'இருக்கலாம்' என்றது நான். ஒரே சொல்லில் ஒரு பெண்ணை முடித்துவிட்டு மணவாளனை மேதாவி என்கிறேன். தூ.

மே 6, வியாழன்

வெயில். சைக்கிள் பின்னால் வாழைமரத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு. வழியில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்கு மூன்று முறை குனிந்தேன். வாழைமரம் எதற்கு என்றான். மருந்துக்கு என்றேன்.

மணவாளன் படியிலேயே மறித்தார். "மிஸ்டர், நீங்க டாக்டரா? காயத்துக்குக் கட்டுப் போடற டிரெசர்தானே? ஏன் வம்ப வெலைக்கு வாங்குறீங்க? கேஸ் முடிஞ்சு போச்சு."

"வெட்டுன்னா தோட்டத்துல என்னன்னு யார்கிட்டயாவது கேட்டியாய்யா? உன் ஒரு வார்த்தையில ஒரு பொம்பள தலை போகப்போகுது."

"கண்ணியமா பேசுங்க."

கண்ணியமாம். செருப்பு காலில் இருந்தது, கழற்றவில்லை.

ஆபீசர் வந்ததும் எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் நேராகவே சொன்னேன். அவள் வெட்டியது மரம், மனுஷன் இல்லை என்று. சார்ஜென்ட் தலை நிமிர்ந்தார். "போத்தோங் கெத்தா?" என்றார் தாழ்ந்த குரலில், ரப்பர் வெட்டினாளா என்று. பிறகு என்னையும் பார்க்கவில்லை, மணவாளனையும் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் நம்பவில்லை. வாழைமரத்தை மேசை மேல் வைத்துப் பால் கத்தியை அவன் கையில் கொடுத்தேன். குத்தச் சொன்னேன். நுனி மடங்கிய கத்தி. பட்டையைச் சுரண்டச் செய்தது. மூன்று முறை ஓங்கினான். மட்டை கிழிந்ததே தவிர அரை அங்குலம் இறங்கவில்லை. காயத்தின் ஆழத்தைச் சலாகையில் காட்டினேன். எண்ணெய்த் தாளைக் கொடுத்தேன். முதுகு ஊதாவாக இருந்ததையும் சொன்னேன்.

தாளை வெகு நேரம் பார்த்தான். வாசலில் நின்ற சிப்பாயைக் கூப்பிட்டு அவன் துப்பாக்கி முனைக் கத்தியை உருவினான். ஒரே குத்து. பிடி வரை இறங்கியது. உருவி, ஓட்டையின் மேல் என் தாளை வைத்தான். பென்சில் கோடும் ஓட்டையும் அப்படியே ஒட்டின.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். சாமியெல்லாம் மறந்து போயிற்று. அடுப்பில் வைத்த பால் பாத்திரம் ஞாபகம் வந்தது.

கைக்குட்டையால் கத்தியைத் துடைத்துச் சிப்பாயிடம் கொடுத்தான். தாளை நாலாகக் கிழித்தான். "டெமாம்," என்றான். காய்ச்சல். கொலையே இல்லை என்றால் கொலைகாரியும் இல்லை. சர்டிபிகேட் எழுதச் சொன்னான்.

எழுதினேன். மலேரியா, நான்கு நாள். எழுத்து அழகாக விழுந்தது. அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

சட்டம் இப்படி: செத்தவனின் உறவு அதில் கைநாட்டு வைக்க வேண்டும். அவளை விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கைநாட்டோடு காகிதம் வராவிட்டால் பழைய கேஸ் அப்படியே இருக்கும்.

மணவாளன் வழியனுப்பும்போது சொன்னார்: "நல்லபடியா முடிஞ்சுது பார்த்தீங்களா?"

மே 7, வெள்ளி

பல்லைப் பிடுங்கிக்கொண்டேன், நானே, கண்ணாடி பார்த்து. இரண்டு இழுப்பு. ரத்தம் ஒரு கோப்பை. வலி குறைந்தது, குணம் குறையவில்லை. காலையில் வந்த எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

கொயினா: ஏழு.

மே 8, சனி

மேகமூட்டம். பத்து மணி வாக்கில் அஞ்சலை ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாள். குழாயடியில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. விலகி வழி விட்டார்கள். வலது கை விரல்கள் வீங்கி, நகங்கள் கறுத்து. அயோடின் போட்டேன். முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

காகிதத்தையும் மைப்பெட்டியையும் வைத்தேன்.

"என்னா எழுதியிருக்கு?"

"காய்ச்சல்ல செத்தாருன்னு."

"கத்தியில குத்தியிருக்கலாம்னு சொன்னதும் நீங்கதானே?"

"ஆமா."

"காய்ச்சல்னு எழுதினதும் நீங்கதான்."

"உன் உசுரு தப்பணும்னுதான் எழுதினேன். கைநாட்ட வை அஞ்சலை. நாளைக்குள்ள போகணும். போகலன்னா உன்னைத் திரும்பவும் இழுத்துக்கிட்டுப் போவானுங்க."

"போகட்டும். அவரு காய்ச்சல்ல சாகல. எங்கயாச்சும் ஒரு எடத்துல நெசத்த எழுதுங்க, அப்புறம் வைக்கிறேன்."

கெஞ்சினேன். திட்டினேன். அசையவில்லை. கடைசியில் கோபத்தில் இந்த நோட்டை எடுத்து அவள் எதிரிலேயே இந்தப் பக்கத்தில் எழுதினேன்:

*வீராசாமி. பால் வெட்டும் தொழிலாளி. முதுகில் இடது பக்கம் ஆழமான குத்துக் காயம் ஏற்பட்டு மரணம்.*

படித்துக் காட்ட வாயெடுத்தேன். நோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். வீங்கிய விரலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு எழுத்தாக அவளே படித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரையாம். இத்தனை வருஷமாகக் கைநாட்டு. எழுதத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான்.

"காயம் ஏற்பட்டு," என்றாள். "ஏற்பட்டுச்சா? தானா ஏற்பட்டுச்சா? குத்தினவன் எங்க?"

"இது அவனுங்க கையில கெடைச்சா உன் தலையும் போயிரும், என் தலையும் போயிரும்."

"நாலு நாளா என் தலை அங்கதான் இருந்துச்சு. உங்க தலைக்குத்தான் இப்பப் பயம் வந்திருக்கு. எழுதுங்க."

அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்:

*வீராசாமியை ஜப்பான் சிப்பாய்கள் பின்னாலிருந்து துப்பாக்கிக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். கொன்ற பிறகு கொண்டு வந்து கானில் போட்டார்கள். அஞ்சலை குற்றம் எதுவும் செய்யவில்லை.*

இதையும் விரல் வைத்துப் படித்தாள். பேனாவைக் கேட்டாள். பிடிக்க முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே எழுதினாள். அஞ்சலை. 'லை' கோணிக்கொண்டு வரிக்கு வெளியே போய்விட்டது.

பிறகு கட்டைவிரலை மையில் தோய்த்துச் சர்டிபிகேட்டுக்கு மேலே கொண்டு போனாள். அழுத்தவில்லை. அப்படியே நிறுத்திக்கொண்டு நோட்டைப் பார்த்தாள்.

"உங்க பேரு எங்க?"

"இது என் நோட்டுதானே. எழுத்தே என்னுதுதானே."

"பேரு எழுதுங்க."

எழுதினேன்.

கா. சதாசிவம், டிரெசர்.