அத்திவாரம் இல்லாத கூடு

எப்போதும் சீமெந்து மணத்தோடு வீடு வந்து சேரும் என் அப்பாவுக்கு,

கூடு கட்டியாயிற்று. உங்களுக்குப் பிடிக்காத கூடுதான். கல் இல்லை, சுவர் இல்லை, அத்திவாரம் இல்லை. குழாயை வளைத்துக் கட்டியது. திட்டுவதென்றால் முதலில் திட்டிவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அம்மாவின் கோழிகள் முருங்கையில் படுத்து ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு மரநாய் இன்னும் துணிந்துவிட்டது. காலையில் அம்மா முற்றம் கூட்டும்போது குப்பையைவிட இறகுதான் கூட இருந்தது. வீட்டுக்கு வருவது என் ஹோட்டல் சம்பளமும் அந்த முட்டைகளும் மட்டும்தான். சேவலும் போன அன்றைக்கு, இனிமேல் வளர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் இருந்த அம்மா, சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

கல்லால் கூடு கட்டித் தருவதாக நீங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருந்தீர்கள். நிலாவெளி ஹோட்டல் வேலை முடிந்து வந்த கையோடு நூல் பிடித்து அத்திவாரமும் வெட்டினீர்கள். கோழிக்கா இவ்வளவு ஆழம் என்று நான் சிரித்தேன். அடுத்த கிழமை அரசாங்கத் திணைக்களத்து ஆட்கள் வந்தார்கள். நில அளவை முடியும்வரை இந்தப் பக்கத்துக் காணிகளில் நிரந்தரக் கட்டடம் எதுவும் எழும்பக் கூடாது, எழும்பினால் வழக்கு என்றார்கள். காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டார்கள்.

"கோழிக்கும் உறுதி வேணுமோ?" என்று கேட்டீர்கள். அவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் பிறந்த காணி இது. சண்டைக்குள் விட்டுவிட்டு ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்த காணி. உறுதி எரிந்துபோயிற்று என்றால், எரிந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நிலாவெளியில் அலை வந்து நனைக்கிற தூரத்தில் மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது. அந்த மாடிகளுக்குக் கல் வைத்தது நீங்கள். அங்கே படுக்கை விரிப்பு மாற்றுகிறவள் நான். அங்கே மட்டும் அளவை எப்போது முடிந்தது? யார் வந்து அளந்தார்கள்?

அந்த நாட்களில்தான் என் தொலைபேசியில் அந்தக் காணொளியை உங்களுக்குக் காட்டினேன். குழாயை வில் மாதிரி வளைத்து, வலை சுற்றி, மேலே பிளாஸ்டிக் தறப்பாள் போட்ட கூடு. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால் தூக்கி வைக்கலாம். இது கட்டடமே இல்லை, ஒருவராலும் தடுக்க முடியாது என்று நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். தொலைபேசியைக் கையில் வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, முழுதும் பார்த்தீர்கள்.

"இது முகாம்" என்றீர்கள். "தறப்பாளுக்குக் கீழ ஒரு உயிரையும் என்ர வளவில வைக்க விடமாட்டன்."

வீம்பு என்றுதான் நினைத்தேன். முகாமில் நான் சின்னவள். தறப்பாளில் மழைத்தண்ணீர் தேங்கித் தொங்கும்போது கீழே நின்று தடியால் குத்துவது எனக்கும் தங்கச்சிக்கும் விளையாட்டு. நீங்கள் மத்தியானத்தில் வெளியே வெயிலில்தான் நிற்பீர்கள், உள்ளே நிழல் வெயிலைவிடக் கொதிக்கும். ஊருக்கெல்லாம் சுவர் கட்டிக் கொடுத்த மேசனுக்கு அது எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்களாகவும் சொல்லவில்லை. பிறகு சொல்ல நேரமும் இருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள், அம்புலன்ஸ் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற வழியைக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூடு கட்ட, உங்களோடு மேசன் வேலை செய்த மூதூர் நஸீர் நானாதான் வந்தார். நான் கேட்டது குழாய் அறுக்கிற வாளை மட்டும்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் வலைச் சுருளையும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அவன் இருந்திருந்தா, என்ட மேசன் கரண்டியப் பறிச்சுக் கடலுக்க எறிஞ்சிருப்பான்" என்றார். "மேசனைக் கூப்பிட்டுக் குழாய் வளைக்கச் சொல்றீங்களே மகள்."

அடிப்பக்கம் தென்னஞ் சட்டங்களால் ஒரு நீள்சதுரம். சட்டத்தில் துளைபோட்டுக் கம்பித் துண்டுகளை இறுக்கி, குழாயின் இரண்டு முனையையும் அவற்றில் செருகினோம். வளைவுகள் வரிசையாக நின்றதும் உச்சியில் நீளமாக ஒரு குழாயை வைத்துக் கட்டினோம். மெல்லிய கோழி வலையை மரநாய் கிழித்துவிடும் என்று நஸீர் நானா கீழ்ப்பகுதிக்குத் தடித்த கம்பி வலை போட்டார். கீரி தோண்டாமல் இருக்க, அந்த வலையை வெளிப்பக்கமாக ஒரு முழம் மடித்து நிலத்தில் விரித்தோம். கல் கூட்டுக்கு ஆகிற செலவில் கால்வாசியும் ஆகவில்லை.

கூரைக்குத் தறப்பாள் இல்லை அப்பா. அதில் மட்டும் நான் பிடியாக நின்றேன். உரப்பைகளைப் பிரித்துத் தைத்து விரித்து, அதன்மேல் தென்னங் கிடுகு கட்டினோம். நஸீர் நானா காரணம் கேட்கவில்லை. ஆனால் கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், எதைப் போட்டு மூடினாலும் வளைவு வளைவுதான். அச்சொட்டாக அதே முகாம் கூடாரத்தின் உருவம். நஸீர் நானா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அம்மா வாங்கிவந்த பேட்டுக் கோழிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். புது இடம், அவை மூலையில் ஒடுங்கி நின்று கத்தின.

"பயப்பிடாதயுங்கோ" என்று அவற்றுக்குச் சொன்னார். "இதுக்குள்ள நானும் இருந்தனான்."

நஸீர் நானா சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஒரு கோழியும் போகவில்லை. மரநாய் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போன கால் தடம் மட்டும் மணலில் இருக்கும். அம்மா திரும்பவும் கடைக்கு முட்டை கொடுக்கிறார், கடைக்காரரோடு விலைக்குச் சண்டை பிடிக்கிறார். உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது என்று நான் எழுத மாட்டேன். கல்லுக்காகக் காத்திருந்தால் மரநாய் காத்திருந்திருக்காது.

ஆனால் போன கிழமை திணைக்களத்து ஆட்கள் திரும்பவும் வந்தார்கள். வேலிக்கு வெளியே வாகனத்தை நிறுத்திவிட்டு நேரே கூட்டடிக்கு வந்தார்கள். கோழிக்கூடு என்று அம்மா சொன்னார். கீழே சீமெந்து போட்டிருக்கிறீர்களா என்று அவர்களில் பெரிய அதிகாரி கேட்டார். இல்லை என்றோம். அவர் நம்பவில்லை.

"தூக்கிக் காட்டுங்க" என்றார்.

நான் ஒரு பக்கம் பிடித்தேன், அம்மா மற்றப் பக்கம். தூக்கினோம். கோழிகள் சிறகடித்துக் கொண்டு கீழால் நழுவி முற்றமெல்லாம் ஓடின. கீழே மணலும் எச்சமும்தான். அவர் அதைப் படம் எடுத்தார். படம் எடுத்து முடியும்வரை நாங்கள் தூக்கிக்கொண்டே நின்றோம்.

"சரி, இது பரவாயில்ல" என்றார். "இது தற்காலிகம்தானே. எப்ப வேணுமெண்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரம். அம்மா அவருக்கு நன்றி சொன்னார். "பெரிய உபகாரம் ஐயா" என்றார். சொந்த வளவில் கோழி வளர்க்க விட்டதற்கு.

அவர்கள் போன பிறகு நானும் அம்மாவும் வளவெல்லாம் ஓடிக் கோழி பிடித்தோம். அப்போதுதான் அப்பா, உங்கள் குரல் எனக்குக் கேட்டது. இது முகாம் என்று நீங்கள் சொன்னபோது நான் தறப்பாளைத்தான் பார்த்தேன். நீங்கள் பார்த்தது காணொளியில் இரண்டு பேர் தூக்கி வைக்கிற அந்தக் காட்சியையா? தூக்கக்கூடியது என்று காட்டினால்தான் எங்களை இங்கே இருக்க விடுவார்கள் என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் ஏன் ஒரு வசனத்தோடு நிறுத்தினீர்கள்? இன்னும் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

கேட்டிருக்க மாட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். உங்களைவிட எனக்கு உலகம் தெரியும் என்று அப்போது நான் நம்பிக்கொண்டு இருந்தேன்.

அந்தப் படம் இப்போது எங்கேயோ ஒரு அலுவலகத்தில் இருக்கும். அத்திவாரம் இல்லாத கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பெண்கள். இவர்களுக்கு இங்கே நிரந்தரமாக ஒன்றும் இல்லை என்பதற்கு நாங்களே கொடுத்த ஆதாரம்.

கூட்டை நான் பிரிக்கப் போவதில்லை. அம்மாவுக்கு அது வேண்டும். கிழமைக்கு ஒருதரம் புது இடத்துக்கு மாற்றுவோம், எங்கள் வேலிக்குள், எங்கள் வசதிக்கு. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. யார் வந்து கேட்டாலும் இனி நான் அதைத் தூக்கிக் காட்ட மாட்டேன். அம்மாவையும் தூக்க விட மாட்டேன். கீழே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமென்றால், அவர்களே எங்கள் மண்ணில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை அன்றைக்குக் கேளாத
மூத்த மகள் தர்சினி