பவுடர் பூசிய இஞ்சின்

மாப்ள, காலையில் ஜாக்கியை எடுக்க டிக்கியைத் திறந்தேன். ரோஜா வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஸ்பேர் டயரின் நடுவே உன் பவுடர் டப்பா மூடி கழன்று கிடந்தது. அன்றைக்கு நீ கொண்டுவந்தது, நான் பூச விடாதது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பம்பர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்கு மெக்கானிக் வருகிறார். இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் எண்ணெய் சொட்டுகிறதாம், எண்ணெயை அடைத்து நிறுத்தும் பின்பக்க சீல் போய்விட்டதாம், இஞ்சினை இறக்கிப் புதுசு போட வேண்டுமாம். நேற்று குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். அதையேதான் அன்றைக்கு நானும் உன்னிடம் கத்தினேன். விஷயம் கேள்விப்பட்டு உன் மகள் போன் செய்தாள். "அந்த சீலைப் போட அத்தா மூணு ஞாயித்துக்கெழம காருக்கு அடியிலேயே கெடந்தாக மாமா. கழட்டித்தான் ஆகணுமா?" "பாக்குறேன் தாயி" என்று வைத்துவிட்டேன். கையில் இருந்தது இன்று ஒரு நாள்தான்.

நாலு வருஷம், என் திருநகர் வீட்டு ஷெட்டில், துருவேறிக் கிடந்த அந்தப் பழைய காரை நாம் இருவரும் கட்டி எழுப்பினோம். முதல் ஓட்டம் கீழக்குயில்குடிக்கு. மலை அடிவாரத்து டீக்கடை வாசலில் நிறுத்தியதுமே அடியிலிருந்து புகை. சைலன்சர் குழாய் மேல் எண்ணெய் சொட்டிக் கருகும் புகை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு மானம் போனது. மானம் போனால் எனக்குக் கோபம்தான் வரும், அது உனக்குத் தெரியும்.

நீ நிதானமாக டப்பாவை எடுத்தாய். "சொட்டுற எடத்துலதான் ஒழுகணும்னு இல்ல மாப்ள. தொடச்சுட்டுப் பவுடரப் போட்டு ஓட விடுவோம். எங்க மொதல்ல நனையுதுன்னு பாத்துருவோம்."

"பவுடர் பூச இது என்ன கல்யாணப் பொண்ணா? நீ போட்ட சீலுதான் போச்சு! ஃபேன் கடை வச்சிருக்கிறவன் கையில இஞ்சினக் குடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும்!"

கூட்டம் சிரித்தது. நீ டப்பாவை டிக்கியில் போட்டுவிட்டு, பானெட்டுக்குள் குனிந்து, இஞ்சினின் பின்புறம் கையை விட்டுத் துழாவினாய். சூடு பொறுக்காமல் வெடுக்கென்று எடுத்து விரலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாய். விரலைக் கைக்குட்டையில் துடைத்தபடி, "நான் பஸ்ல போறேன் மாப்ள" என்றாய். தப்பை ஒப்புக்கொண்டுதான் போகிறாய் என்று நினைத்தேன். ஐந்து மாதம் அந்த நினைப்போடுதான் உன் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தேன். நெஞ்சுவலி என்று போன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

இன்று மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக இஞ்சினைக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டேன். உன் பவுடரை உள்ளங்கையில் கொட்டி இண்டு இடுக்கெல்லாம் ஊதினேன். இஞ்சின் வெளுத்துப்போய் நின்றது. ஸ்டார்ட் செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், சீல்தான் ஒழுக வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. அப்படியானால் நான் கத்தியதில் கொஞ்சமாவது நியாயம் இருக்கும் அல்லவா? செத்துப்போனவனிடம் ஜெயிக்க நினைத்தேன். தூ!

ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம். டார்ச் அடித்துக்கொண்டே இஞ்சினைச் சுற்றி வந்தேன். அப்புறம் கீழே விரித்த பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தது. அதே இடம். சீல்தான், முடிந்தது கதை என்று எழப் போனவன், போனால் போகிறதென்று முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இஞ்சினுக்குப் பின்னால் நுழைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. மேலே ஏற்றினேன். கோடும் ஏறியது. இன்னும் ஏற்றினேன். இஞ்சினின் உச்சியில், டேப்பட் கவர் என்கிற மேல் மூடியின் பின் விளிம்பில் போய் நின்றது. மற்ற இடமெல்லாம் பவுடர் உலர்ந்தே இருந்தது. எண்ணெய் அங்கிருந்து வழிந்துதான் சீல் பக்கம் சொட்டியிருக்கிறது.

அந்த மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமலிருக்கக் கார்க் பேக்கிங் வைத்து முடுக்கியவன் நான். "போதும் மாப்ள, கார்க் நசுங்கிரும்" என்று நீ சொல்லச் சொல்ல, ஸ்பானரால் இன்னும் ஒரு சுற்று முடுக்கியவனும் நான்தான். இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்தேன். பின்பக்கம் பேக்கிங் பிதுங்கிக் கிழிந்திருந்தது.

உன் மகளைக் கூப்பிட்டேன். "தாயி, உங்க அத்தா போட்டது ஒழுகல. நான் போட்ட மூடி பேக்கிங்குதான் ஒழுகியிருக்கு." "இருங்க மாமா, வாரேன்" என்றாள். இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. காகிதத்தில் சுற்றிய ஒன்றை நீட்டினாள். பிரித்தால் புத்தம்புது கார்க் பேக்கிங், அதே மூடிக்கு உரியது.

"நீங்க சொன்னத இப்பத்தான் அம்மாட்ட சொன்னேன். பீரோவத் தொறந்து இத எடுத்துக் குடுத்தாக. நீங்க கீழக்குயில்குடி போயிட்டு வந்த மறுநா அத்தா வாங்கிட்டு வந்ததாம். மூடிதான் ஒழுகுதுன்னு அன்னைக்கே கைய விட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாகளாம்."

"பெறகு ஏந்தாயி எங்கிட்டச் சொல்லல?"

"அம்மாவும் கேட்டாகளாம். 'அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னா அவன் மூஞ்சி சுண்டிப் போகும். கோவம் ஆறி வருவான், அப்பக் குடுத்துக்கலாம்'னு அத்தா சொன்னாகளாம் மாமா."

அவள் டார்ச் பிடிக்க, நீ வாங்கிய பேக்கிங்கை நான் மாட்டினேன். இந்த முறை அளவாக முடுக்கினேன், மாப்ள. அரை மணி நேரம் ஓடவிட்டும் பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் சீல் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. கிழிந்த பேக்கிங்கைக் குப்பையில் போட மனம் வரவில்லை, சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். துணியில் எண்ணெய் ஊறுகிறது, ஊறட்டும்.

உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வர உன் மகளுக்கு இருபது நிமிஷம்தான் ஆனது. நீ அந்தப் பேக்கிங்கை வைத்துக்கொண்டு காத்திருந்த ஐந்து மாதத்தில் உன் வீட்டுக்கு வர எனக்கு அந்த இருபது நிமிஷம் கிடைக்கவில்லை, மாப்ள.