நிறைந்துவிட்ட குடோன்

பிரியமான அத்தானுக்கு,

போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். நம் வயலில் கம்பெனி கட்டிய குடோனுக்கு இதுவரை ஒரு பெட்டிகூட வரவில்லை. ஆனால் பட்டப்பகலில் உள்ளே யாரோ சரக்கு அடுக்கும் சத்தம் கேட்கிறது.

காவல்காரர் அலி அக்பர் கதவைத் திறந்து காட்டினார். வெறும் தரைதான். "வாசல்லயே நில்லு மக்கா, உள்ள போவாத," என்றார்.

நேற்று கம்பெனி மானேஜர் வந்தார்.

"இனி முப்பது வருசத்துக்கு குடோனுக்குத்தான் கிராக்கி, அக்கா. இது நெறஞ்சாச்சு. அடுத்து ஒங்க வீட்டு எடமும் வேணும். அண்ணன் சம்மதிச்சாச்சு."

"எத வச்சு நெறஞ்சுது?" என்று கேட்டேன். அவர் நம் மகள் உறங்கும் அறையை அளக்கத் தொடங்கினார்.

அவளைக் கூட்டிக்கொண்டு திருவட்டாறுக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் சம்மதிக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி